ஸ்டியரிங் சக்கரத்திற்குத் தோலுறை: நாமே தைக்கலாம்

கோடைகாலத்தில் ஹைதராபாத் நகரின் வெயில் 40 டிகிரியைத் தாண்டுவது வழக்கம். நிழலின்றி நிறுத்திய காரின் உள்ளே வெப்பம் அதனினும் மிகுதி. இவ்வெப்பத்தாலும் கை வியர்வையாலும் ஸ்டியரிங் சக்கரத்தின் மேற்புறம் சில ஆண்டுகளில் பிசுபிசுத்து உரியத் தொடங்குகிறது. தோலும் வெயிலில் சூடேறும் என்பது உண்மையே. எனினும் சக்கரத்தைக் காக்கவும், வியர்த்த கைக்குப் பிடிப்பளிக்கவும் தோலுறை உதவும்.

உறைகள் இருவகை. ஒன்று, வளையமாகச் செய்து அப்படியே மாட்டிவிடுவது. மற்றொன்று, சக்கரத்தின்மேல் வைத்து ஊசிநூலால் தைப்பது. முன்னது ஐந்து நிமிட வேலை என்பதால் யானும் அதனையே முதலில் வாங்கினேன். ஒருநாள் ஹுசேன் சாகர் ஏரிக்கரையருகே வண்டியைத் திருப்புகையில் என் கைகளோடு உறை சுழன்றது, சக்கரம் சுழலவில்லை! எதிரே வண்டி ஏதும் வராதது தெய்வச் செயல். உறை அழகாயிருந்தால் போதாது, சக்கரத்தோடு ஒன்றாகிவிட வேண்டும் என்பதை அன்றுதான் உணர்ந்தேன். அளவு சரியாயிருப்பின் மாட்டும் உறையும் நிற்கக்கூடும். ஆனால் தைத்த உறைபோல் இறுகிப் பிடிப்பது அரிது.

செகந்தராபாத் ராணிகஞ்ச் கடைவீதியில் மோட்டார் உதிரிப் பொருள்கள் மலிந்து கிடக்கின்றன. அங்கே செல்லுமுன் சக்கரத்தின் குறுக்களவையும், பிடியின் சுற்றளவையும் நாடாவால் அளந்து குறித்துக்கொள்க. சிறிய கார்களில் குறுக்களவு பெரும்பாலும் 36 முதல் 38 சென்டிமீட்டர் வரை இருக்கும். ஆவாரம்பட்டையால் தோல் பதனிடுவதில் நெடுங்காலமாகப் பெயர் பெற்றது நம் தமிழ்நாடு. ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை ஆகிய ஊர்களையும், 1948-இல் தோன்றிய சென்னை மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்தையும் உடைய நாம், ரெக்ஸினைத் தோலென்று நம்பி ஏமாறலாமா? உறையின் பின்புறத்தைப் புரட்டிப் பாருங்கள். நார்நாராக இருப்பின் தோல்; நெய்த துணி தெரிந்தால் ரெக்ஸின்.

வேலைக்கு முதற்படி துப்புரவு. சோப்பு நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் சக்கரத்தைத் துடைத்து, நன்கு உலரவிடுக. எண்ணெய்ப் பசையோ பளபளப்புத் தைலமோ இருந்தால் உறை வழுக்கும். பின்னர் உறையைப் பத்து நிமிடம் வெயிலில் வைத்தால் தோல் இளகிக் கொடுக்கும். இங்கே மட்டும் ஹைதராபாத் வெயில் நமக்கு உதவியாள்!

முன்சக்கரங்களை நேராக்கி, உறையின் மூட்டு கீழே அமையுமாறு வைத்துக்கொள்க. மேல், கீழ், இடம், வலம் என நான்கு இடங்களில் தற்காலிகத் தையல் இட்டால் உறை கோணாது. உறையின் இரு விளிம்புகளும் சக்கரத்தின் உட்புறத்தில் எதிரெதிரே வரும். இழுக்குமுன் அவற்றினிடையே சிறிது இடைவெளி இருக்க வேண்டும். இழுக்காமலே விளிம்புகள் ஒன்றையொன்று தொட்டால் உறை பெரிதென்று பொருள். அதனை மாற்றிவிடுவதே நலம்.

இனி, மெழுகிட்ட உறுதியான நூலை ஊசியில் கோத்து, எதிரெதிர்த் துளைகளில் மாற்றி மாற்றித் தைத்து வருக. நான்கைந்து தையலுக்கு ஒருமுறை நூலைச் சீராக இறுக்குக. விரல்களில் துணி சுற்றிக்கொண்டால் நூல் அறுக்காது. கடைசி முடிச்சைத் தையலுக்குள் புதைத்துவிடுக. புதியவர்க்கு இரண்டு, மூன்று மணி நேரம் பிடிக்கலாம், அவசரம் வேண்டா.

ஓர் எச்சரிக்கை. இந்தியாவில் 2019 ஜூலை 1 முதல் புதிய கார்களில் ஓட்டுநருக்கான காற்றுப்பை கட்டாயமாகியுள்ளது. அது சக்கரத்தின் நடுவிலுள்ள மூடிக்குள் இருந்து, விபத்தில் இமைப்பொழுதில் விரியும். ஆகவே உறையோ நூலோ அந்த மூடியின்மீது படரலாகாது. மூடியைக் கழற்றவும் கூடாது. பொத்தான்களையும் மறைத்தல் ஆகாது.

தைத்து முடிந்ததும் சோதனை. சாவியை எடுத்தபின் சக்கரத்தைச் சிறிது திருப்பினால், பெரும்பாலான கார்களில் அது பூட்டிக்கொள்ளும். அப்போது இரு கைகளாலும் உறையைப் பற்றி, வலிந்து முறுக்கிப் பாருங்கள். அது அணுவளவு நகர்ந்தாலும் பிரித்து மீண்டும் தைக்கத் தயங்கவேண்டா. அசையாதெனில், பூட்டை விடுவித்துச் சக்கரத்தை ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை திருப்பி, ஹாரனும் விளக்கு நெம்புகோல்களும் தடையின்றி இயங்குகின்றனவா என்று பார்த்தபின், ஆளற்ற தெருவில் மெதுவாக ஓட்டிப் பழகுக.

பொங்கலுக்கும் தீபாவளிக்கும் காரிலேயே ஊர் செல்லும் குடும்பங்கள் நம்மிடையே பல. சென்னைக்கே 600 கிலோமீட்டருக்கு மேல் பயணம். பின்னிருக்கையில் மனைவி மக்கள் அயர்ந்து உறங்குவது ஓட்டுபவரின் கைகளை நம்பித்தானே? அக்கைகள் பற்றியிருக்கும் உறை நழுவாமலிருப்பதற்காக ஒரு ஞாயிற்றுக்கிழமையின் முற்பகலைச் செலவிடுவது வீணாகாது.