லைசென்ஸ் ரத்தான பிறகும் வண்டி ஓட்டினால் என்ன ஆகும்? அபராதத்தோடு முடியாத சிக்கல்!

தூத்துக்குடி மாவட்டம் நாகலாபுரம், புதூர், விளாத்திகுளம் பக்கம் பைக்கோ, லோடு ஆட்டோவோ இல்லாமல் வேலை ஓடாது. வத்தல் மூட்டை, கரி மூட்டை என்று எல்லாமே வண்டியில்தான் போகணும். அதனால், ‘லைசென்ஸை ரத்து பண்ணிட்டாங்க, இருந்தாலும் காட்டுப் பாதையில யாரு பிடிக்கப் போறா?’ என்ற நினைப்பு எளிதாக வரும். சட்டம் என்ன சொல்கிறது?

அடிக்கடி பேசப்படும் வழக்கு

2023 செப்டம்பரில் காஞ்சிபுரம் அருகே பைக் சாகசம் செய்து விபத்தில் சிக்கினார் யூடியூபர் டிடிஎஃப் வாசன். அவருடைய உரிமம் 10 ஆண்டுகளுக்கு, அதாவது 2033 அக்டோபர் வரை ரத்தானது. 2024 மே மாதம் மதுரையில், செல்போனில் பேசியபடி கார் ஓட்டியதாக மீண்டும் கைதாகி ஜாமீனில் வந்தார். உரிமம் ரத்தானவர் மறுபடி வண்டி ஓட்டலாமா என்ற கேள்வி இங்கேதான் வருகிறது.

உரிமம் எப்போது பறிபோகும்?

குடிபோதை, அதிவேகம், ஆபத்தான முறையில் ஓட்டுவது, ஹெல்மெட் இல்லாமை போன்ற குற்றங்களுக்கு போலீஸார் உரிமத்தைப் பறிமுதல் செய்து, வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு அனுப்பலாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 19-வது பிரிவில் 2019-ல் வந்த திருத்தப்படி, இப்படி அனுப்பப்பட்டால் முதல் முறை 3 மாதம் தகுதியிழப்பு. இரண்டாவது முறை உரிமமே ரத்து.

அதன் பிறகும் ஓட்டினால்?

பிரிவு 182-ன்படி 3 மாதம் வரை சிறை, அல்லது ரூ.10,000 அபராதம், அல்லது இரண்டும். லைசென்ஸே எடுக்காமல் ஓட்டுபவருக்கான அபராதம் ரூ.5,000. அதாவது, தடை இருப்பது தெரிந்தும் ஓட்டுபவருக்கு இரு மடங்கு!

இந்தப் பிரிவு பொது இடத்தை மட்டும் சொல்லவில்லை. ‘வேறு எந்த இடத்திலும்’ என்கிறது. காட்டுப் பாதை என்ற சாக்கு எடுபடாது. பிடிபடும் ஒவ்வொரு முறையும் அது தனிக் குற்றம். வண்டியையும் பறிமுதல் செய்யலாம்.

வேறு ஊரில் புது லைசென்ஸ் எடுக்கலாமா?

கூடாது. தகுதியிழப்புக் காலத்தில் விண்ணப்பிப்பதே அதே 182-வது பிரிவின் கீழ் குற்றம். வாங்கினாலும் அது செல்லாது.

வண்டி கொடுத்தவருக்கு?

தெரிந்தே சாவியைக் கொடுத்த உரிமையாளருக்கும் 3 மாதம் வரை சிறை அல்லது ரூ.5,000 அபராதம், அல்லது இரண்டும் (பிரிவு 180).

பெரிய அடி இன்ஷூரன்ஸில்தான். விபத்தில் ஒருவர் இறந்தால், இழப்பீடு பல லட்சங்களில் போகும். ஸ்வரண் சிங் வழக்கில் 2004-ல் உச்ச நீதிமன்றம் சொன்னபடி, பாதிக்கப்பட்டவருக்கு நிறுவனம் முதலில் பணம் கொடுத்தாலும், உரிமையாளரின் அலட்சியம் நிரூபணமானால் அதை அவரிடமே திரும்ப வசூலிக்கலாம். பத்தாயிரம் அபராதத்துக்குப் பயப்படாதவரும் நிலத்தை விற்க வேண்டி வரலாம்.

என்ன செய்யலாம்?

ரத்து உத்தரவு தவறு என்று நினைத்தால், கைக்கு வந்த 30 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம். உரிமம் தற்காலிகமாக நிறுத்தப்பட்டவர்கள் ஓட்டுநர் புத்தாக்கப் பயிற்சியையும் முடிக்க வேண்டும். அதுவரை ஸ்டீயரிங்கை வீட்டில் லைசென்ஸ் உள்ள வேறொருவரிடம் கொடுத்துவிடுவதே நல்லது.