நான் கொடுத்த சிறுநீரகம்

"கொடுத்ததுதான் கொடுத்தே, நல்லதாப் பார்த்துக் கொடுத்திருக்கக் கூடாதா?" என்றார் என் மாமியார். மனதில் வைத்துக்கொண்டு சொல்லவில்லை. பேத்தி மேலிருந்த பாசம், வாய் தவறி வந்துவிட்டது. ஆனாலும் அன்று இரவு நான் தூங்கவில்லை. விலாவில் போட்ட தையல்கூட அப்போது பிரித்திருக்கவில்லை.

என் பெண்ணுக்குப் பத்து வயதில் முகம் வீங்கிக்கொண்டு வந்த வியாதி, பதினேழு வயதில் இரண்டு சிறுநீரகங்களையும் தீர்த்துவிட்டது. எஃப்.எஸ்.ஜி.எஸ். என்று பெயர். வடிகட்டிகளில் அங்கங்கே தழும்பு விழுந்து, புரதம் சிறுநீரில் ஒழுகிப் போகும். வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். எல்லாம் பொருந்தியதால் நானே கொடுத்தேன்.

மூன்றாம் நாள் சிறுநீரில் சோப்பு நுரை மாதிரி நுரை. ஏழு வருஷம் அதைப் பார்த்தவளாயிற்றே, ரிப்போர்ட் வருமுன்பே எனக்குத் தெரிந்துவிட்டது.

"என்னுதுல ஏதாவது கோளாறா டாக்டர்?"

"உங்களுது நல்லாத்தாம்மா இருக்கு. கோளாறு அவ ரத்தத்துல."

ரத்தத்தில் சுற்றும் ஏதோ ஒன்று வடிகட்டியைப் பழுதாக்குகிறதாம். புதுசு வைத்தாலும் ஓடுவது அதே ரத்தம்தானே? இந்த நோய்க்காக மாற்றிக்கொண்டவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குத் திரும்புகிறது. சிலருக்குச் சில மணி நேரத்திலேயே. பரம்பரைக் கோளாறால் வந்த வகை என்றால் திரும்புவது அபூர்வம். ஆபரேஷனுக்கு முன்பே இதைச் சொன்னார்கள். கையெழுத்துப் போடும் அவசரத்தில் எங்கள் காதில் ஏறவில்லை. நீங்களாவது நிதானமாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

என் மனசை ஆற்றியது டாக்டர் சொன்ன இன்னொரு விஷயம். அமெரிக்காவில் சிகாகோ நகரத்தில் ஒரு தங்கை தன் அண்ணனுக்குச் சிறுநீரகம் கொடுத்தாள். உடனே நோய் திரும்பிவிட்டது. இரண்டு வாரத்தில் அதை எடுத்து, சர்க்கரை வியாதியால் சிறுநீரகம் இழந்த வேறொருவருக்கு வைத்தார்கள். அவர் உடம்பில் அதே சிறுநீரகம் தேறி, ஒழுங்காக வேலை செய்தது! 2012-ல் மருத்துவப் பத்திரிகையில் வந்த செய்தி இது. அண்ணன் பாவம், மறுபடி டயாலிசிஸுக்குப் போனார். ஆனால் தங்கை கொடுத்ததில் பழுதில்லை என்று ஆயிற்று.

வீட்டுக்கு வந்ததும் மாமியாரிடம் இதைச் சொன்னேன். (நம் நாட்டில் உயிரோடு சிறுநீரகம் கொடுப்பவர்களில் பெண்கள்தான் அதிகம். பேச்சு கேட்பதும் நாம்தான்.) அவர் ஒன்றும் பேசவில்லை.

பெண்ணுக்கு ரத்தத்திலிருந்து பிளாஸ்மாவைப் பிரித்து மாற்றும் சிகிச்சை பல தடவை நடந்தது. ரிட்டுக்ஸிமாப் ஊசியும் போட்டார்கள். புரதம் குறைந்திருக்கிறது, நிற்கவில்லை. ஒன்றரை வருஷமாக டயாலிசிஸ் இல்லை; கல்லூரிக்குப் போகிறாள். ஊறுகாய் ஜாடி பரணுக்குப் போய்விட்டது.

தினம் காலையில் சோதனைப் பட்டையைச் சிறுநீரில் நனைத்துப் பார்க்கிறோம். மஞ்சளாகவே இருந்தால் நல்லது, பச்சையானால் புரதம். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஜன்னல் வெளிச்சத்தில் அதைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பவர் மாமியார்தான். "இன்னிக்கு மஞ்சளாத்தான் இருக்கு, நீயும் வந்து பாரு" என்று அடுப்படிக்கே கொண்டு வந்துவிடுகிறார்.