மாதிரி ரயில் நிலையத்தில் விளக்கேற்றுவோம்

அந்தி மயங்கிய பின் ரயிலில் பயணம் செய்திருக்கிறீர்களா? ஜன்னலோரம் அமர்ந்து வெளியே நோக்கினால், இருள் சூழ்ந்த ஊர்களில் ஆங்காங்கே ஒரு வீட்டின் ஜன்னல் மட்டும் மஞ்சளாய் ஒளிரும். ஒரு கணம்தான் தெரியும், ரயில் கடந்துவிடும். ஆயினும் அந்த ஒரு கணத்தில், 'அங்கே யாரோ விழித்திருக்கிறார்கள்' என்ற எண்ணம் நம் உள்ளத்தில் எழாமல் இருப்பதில்லை. அதே எண்ணத்தை, கைக்குள் அடங்கும் ஒரு சிறு வீட்டைப் பார்க்கும்போதும் எழச் செய்ய முடியுமா? முடியும். அதற்கு வேண்டியவை சிறிது அறிவியலும் நிறையப் பொறுமையுமே.

உண்மையான ரயில், தண்டவாளம், நிலையம், வீடு, பாலம் ஆகிய அனைத்தையும் ஒரே விகிதத்தில் சுருக்கி மேசைமேல் அமைப்பதே மாதிரி ரயில் கலையாகும். ஜெர்மனியைச் சேர்ந்த மார்க்லின் நிறுவனம், தண்டவாளங்களைச் சேர்த்துச் சேர்த்து விரிவாக்கக்கூடிய பொம்மை ரயிலை 1891 ஆம் ஆண்டு லைப்சிக் நகரச் சந்தையில் காட்சிக்கு வைத்தது. இன்று பெரிதும் வழங்கும் அளவு 'எச்.ஓ.' எனப்படுவது. அதில் எல்லாமே 87-இல் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். 170 சென்டிமீட்டர் உயரமுள்ள மனிதர் ஏறத்தாழ 2 சென்டிமீட்டர் ஆகிவிடுவார். 3 மீட்டர் உயரமுள்ள அறை மூன்றரை சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடும்.

ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் 2001 ஆம் ஆண்டு திறக்கப்பட்ட 'மினியேச்சர் வொண்டர்லேண்ட்' என்னும் கண்காட்சியில், பகலும் இரவும் கால் மணி நேரச் சுற்றில் மாறி மாறி வருகின்றன. அந்த இரவில், இலட்சக்கணக்கான நுண்விளக்குகள் வீடுகளிலும் தெருக்களிலும் ஒளிவிடுகின்றன. பகலில் வெறும் பொம்மைகளாய் இருந்த வீடுகள், இரவில் குடும்பங்கள் வாழும் இல்லங்களாகிவிடுகின்றன.

என் முதல் முயற்சி

ஜெர்மனியில் பணிபுரியும் என் மாமா, விடுமுறைக்கு வந்தபோது அந்நாட்டுச் சிற்றூர் ரயில் நிலையம் ஒன்றின் மாதிரியை, ஒட்டிச் சேர்க்க வேண்டிய பிளாஸ்டிக் துண்டுகளாக வாங்கி வந்தார். நான் அவற்றை ஒட்டி முடித்து, உள்ளே பளிச்சென்ற வெள்ளை எல்.இ.டி. ஒன்றைப் பொருத்தி, வீட்டாரையெல்லாம் அழைத்து, அறை விளக்கை அணைத்தேன். என்ன ஏமாற்றம்! சுவர் ஒளிர்ந்தது, கூரை ஒளிர்ந்தது, மூலை இடுக்குகளில் எல்லாம் கோடு கோடாய் வெளிச்சம் கசிந்தது. ரயில்வேயில் நிலைய அதிபராய் இருந்து ஓய்வு பெற்ற என் தாத்தா, "என்னம்மா, ஸ்டேஷன் தீப்பிடிச்சுடுச்சா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

பின்னர் அமைதியாய் எண்ணிப் பார்த்ததில், நான் செய்த பிழைகள் மூன்று என்று புலப்பட்டது. சுவரை மறந்தேன், அளவை மறந்தேன், அந்த வீட்டில் வாழ்பவரை மறந்தேன். இம்மூன்றையும் ஒவ்வொன்றாய்க் காண்போம்.

சுவரும் அறையும்

சுவர் இருந்தால்தான் சித்திரம் என்பார்கள். விளக்குக்கும் அது பொருந்தும். மாதிரிக் கட்டடங்களின் பிளாஸ்டிக் சுவர் மிக மெல்லியது. ஒளி அதனூடே ஊடுருவும். எனவே கட்டடத்தை ஒட்டுவதற்கு முன்பே, ஜன்னல் கண்ணாடிகளைப் பொருத்துவதற்கும் முன்பே, சுவர்களின் உட்புறத்தில் கறுப்பு வண்ணம் இரண்டு பூச்சுப் பூசவேண்டும். அது காய்ந்தபின் மேலே வெள்ளையோ இளமஞ்சளோ பூசினால், அறையின் உட்புறமும் இயல்பாய்த் தோன்றும். சுவர்கள் கூடும் மூலைகளிலும், கூரை அமரும் விளிம்பிலும், தரையோடு சேரும் இடத்திலும் கறுப்புத் தாளை ஒட்டி இடுக்குகளை அடைக்கவேண்டும்.

அடுத்தது அறை. உண்மையான வீடு ஒரே கூடமாய் இருப்பதில்லை. ஆகவே சார்ட்டுத் தாளைக் கறுப்பாக்கி, ஒவ்வோர் அறைக்கும் தனித்தனிப் பெட்டி செய்து ஜன்னலுக்குப் பின்னால் பொருத்தவேண்டும். அப்போதுதான் ஓர் அறை ஒளிர, பக்கத்து அறை இருண்டிருக்கும். பெட்டியின் பின்சுவரில் அலமாரி, கடிகாரம், நாற்காலி போன்ற சிறு படங்களை ஒட்டலாம். மெல்லிய காகிதத்தைத் திரைச்சீலையாய்த் தொங்கவிடலாம். விளக்கை மட்டும் வெளியிலிருந்து பார்ப்பவர் கண்ணுக்கு நேரே படாதவாறு, கூரையின் அடியில் ஜன்னலுக்கு மேலே மறைவாய் வைக்கவேண்டும். நமக்குத் தெரியவேண்டியது வெளிச்சமே.

எந்த விளக்கு?

முன்பெல்லாம் கோதுமை மணி அளவே உள்ள குமிழ் விளக்குகளைப் பயன்படுத்தினர். அவற்றில் ஒன்று சுமார் 50 மில்லி ஆம்பியர் மின்னோட்டத்தை இழுக்கும், சூடும் ஆகும், நெடுநேரம் எரிந்தால் அருகிலுள்ள பிளாஸ்டிக் இளகிவிடக்கூடும். இன்று அவற்றின் இடத்தை எல்.இ.டி. பிடித்துக்கொண்டது.

வெள்ளை எல்.இ.டி. உண்மையில் நீல விளக்கே என்பதை அறிவீர்களா? நீல ஒளியை உமிழும் சில்லின்மேல் மஞ்சள் ஒளி தரும் பூச்சு இடப்பட்டிருக்கும். இரண்டும் கலந்து நம் கண்ணுக்கு வெண்மையாய்த் தெரிகின்றன. திறன்மிக்க நீல எல்.இ.டி.யைக் கண்டறிந்ததற்காகவே அகசாகி, அமானோ, நாகமுரா ஆகிய மூவருக்கும் 2014 ஆம் ஆண்டு இயற்பியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இவ்விளக்குகளின் நிறத்தைக் கெல்வின் அலகில் குறிப்பர். 2700 முதல் 3000 கெல்வின் வரையுள்ளது குண்டு பல்பின் மஞ்சள் ஒளியை ஒக்கும். வீடுகளுக்கு இதுவே ஏற்றது. 6000 கெல்வினும் அதற்கு மேலும் உள்ளது நீலம் தோய்ந்த வெண்மை. டியூப் லைட் எரியும் பட்டறைக்கும் அலுவலகத்துக்கும் பொருந்தும். எண்ணெய் விளக்குக் காலத்து நிலையம் என்றால், மஞ்சள் விளக்கின்மேல் ஆரஞ்சு வண்ணத்தை நீர்க்கப் பூசிக்கொள்ளலாம்.

அளவும் கணக்கும்

பெரும்பாலோர் தவறுவது இங்கேதான். விளக்குக்கும் சுவருக்கும் இடையே உள்ள தொலைவு பாதியானால், சுவரில் விழும் ஒளி நான்கு மடங்காகும் என்று இயற்பியலில் படிக்கிறோம். நம் சிற்றறையில் சுவர் ஒன்றிரண்டு சென்டிமீட்டரிலேயே நிற்கிறது. எனவே விளக்கை அதன் முழுத்திறனில் எரியவிட்டால் கண் கூசத்தான் செய்யும்.

சாதாரண வெள்ளை எல்.இ.டி. ஒன்றுக்கு ஏறத்தாழ 3 வோல்ட் போதும். நம் அடாப்டர் தருவதோ 12 வோல்ட். மீதி 9 வோல்ட்டை ஒரு ரெசிஸ்டர் ஏற்கவேண்டும். விளக்கின் முழு அளவான 20 மில்லி ஆம்பியர் பாயவேண்டுமானால், ஓம் விதிப்படி 9-ஐ 0.020-ஆல் வகுக்க 450 ஓம் வரும்; கடையில் கிடைப்பது 470 ஓம். நமக்கோ 2 மில்லி ஆம்பியரே போதும். 9-ஐ 0.002-ஆல் வகுத்தால் 4500. ஆகவே 4700 ஓம் ரெசிஸ்டரைப் போட்டால் மிதமான, இதமான ஒளி கிடைக்கும். மின்னோட்டத்தைப் பத்தில் ஒன்றாய்க் குறைத்தாலும் நம் கண்ணுக்கு அவ்வளவு குறைந்ததாய்த் தோன்றாது. பல விளக்குகளை ஒரே ரெசிஸ்டரில் பக்க இணைப்பாய்ச் சேர்க்கலாகாது. ஒன்று பளிச்சென்றும் மற்றொன்று மங்கியும் எரியும். விளக்குக்கு ஒரு ரெசிஸ்டர் என்பதே நல்ல முறை.

இதனால் விளையும் சிக்கனத்தைப் பாருங்கள். 40 வீடுகள், வீட்டுக்கு 5 விளக்குகள், ஆக 200 விளக்குகள். பழைய குமிழ் விளக்குகளானால் 10 ஆம்பியர் வேண்டும். நம் முறையிலோ 0.4 ஆம்பியரே! ஒரு சிறிய அடாப்டர் ஊர் முழுவதையும் ஒளிரச் செய்துவிடும்.

விளக்குக்கான மின்சாரத்தைத் தண்டவாளத்திலிருந்து எடுத்தால் என்ன என்று சிலர் கேட்கலாம். பழைய முறை மாதிரி ரயில்களில், வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் தண்டவாளத்தின் மின்னழுத்தத்தையே மாற்றுகிறார்கள். அங்கிருந்து எடுத்தால் ரயில் வேகமாய் ஓடும்போது ஊரே பிரகாசிக்கும். ரயில் நின்றால் ஊர் இருண்டுவிடும்! மேலும் ரயிலைப் பின்னோக்கி ஓட்ட மின்திசையை மாற்றும்போது, ஒரு திசையில் மட்டுமே எரியும் எல்.இ.டி. அணைந்துபோகும். எனவே வீட்டு விளக்குகளுக்குத் தனி அடாப்டரே தேவை.

எச்சரிக்கை ஒன்று. வீட்டின் 230 வோல்ட் மின்சாரத்தில் எக்காரணம் கொண்டும் கை வைக்கக்கூடாது. நல்ல அடாப்டரை வாங்கி, அதன் 12 வோல்ட் பக்கத்தில் மட்டுமே வேலை செய்யவேண்டும். சால்டரிங் செய்யும்போது பெரியவர் ஒருவர் உடன் இருக்கட்டும். கூரையை ஒட்டாமல், கழற்றும்படி வைத்தால் பின்னாளில் பழுது பார்க்கலாம்.

எந்த ஜன்னலில் விளக்கு?

சுவரையும் அளவையும் சரிசெய்த பிறகு, நிலையத்தைத் தாத்தாவிடம் கொண்டுபோய், "இப்போது எந்த அறையில் விளக்கு எரியவேண்டும், தாத்தா?" என்று கேட்டேன். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உற்றுப் பார்த்தார்.

"ராத்திரி டூட்டியிலே ஸ்டேஷன் மாஸ்டர் ரூம் லைட்டுதாம்மா விடிய விடிய எரியும். வெயிட்டிங் ரூம்ல மங்கலா ஒண்ணு இருக்கும். பார்சல் ஆபீஸ் பூட்டிக் கிடக்கும். மாடியிலே என்ன?"

ஜெர்மனியின் சிறு நிலையங்கள் பலவற்றில் நிலைய அதிபரின் குடியிருப்பு மாடியிலேயே இருந்தது என்று மாமா சொல்லியிருந்ததைச் சொன்னேன். தாத்தா சற்று நேரம் பேசவில்லை.

"அப்போ மாடியிலே ஒண்ணு போடு. நம்ம குவார்ட்டர்ஸ்ல, நான் டூட்டி முடிஞ்சு வர்ற வரைக்கும் உன் பாட்டி விளக்கை அணைக்கவே மாட்டா" என்றார்.

நான் பாட்டியைப் பார்த்ததில்லை. அன்று மாலையே மாடியின் கோடியில் இருந்த ஜன்னலுக்குப் பின்னால் ஒரு சிறு விளக்கைப் பொருத்தினேன். பத்து ஜன்னல்களில் மூன்று மட்டுமே ஒளிர்ந்தன. இம்முறை யாரும் சிரிக்கவில்லை. தாத்தா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு நெடுநேரம் அதன் எதிரே அமர்ந்திருந்தார்.

அன்புத் தோழியரே, இதைச் செய்து பார்க்க விலையுயர்ந்த மாதிரி ரயில் வேண்டியதில்லை. காலணி வாங்கிய அட்டைப்பெட்டி ஒன்று, மஞ்சள் ஒளி தரும் எல்.இ.டி. ஒன்று, 3300 ஓம் ரெசிஸ்டர் ஒன்று, 9 வோல்ட் பாட்டரி ஒன்று, இவை போதும். பெட்டியில் ஜன்னல்களை வெட்டுங்கள். உள்ளே கறுப்புத் தாளால் அறைகளைப் பிரியுங்கள். விளக்கைப் பொருத்துமுன், 'இந்த வீட்டில் இந்நேரத்தில் விழித்திருப்பவர் யார்? ஏன் விழித்திருக்கிறார்?' என்று ஒரு நிமிடம் எண்ணிப் பாருங்கள். விடை கிடைத்ததும், அந்த ஒரு ஜன்னலில் மட்டும் விளக்கை ஏற்றுங்கள்.