காருக்குப் பின்னே ஒரு வீடு: காற்றடித்தால் என்ன ஆகும்?

அமெரிக்காவில் வேலை பார்க்கும் பிள்ளைகளின் வீட்டுக்குப் பெங்களூரில் இருந்து போய்வரும் பெற்றோர் இன்று ஏராளம். கோடை விடுமுறையில் ஊர் சுற்றக் கிளம்பும்போது, சிலர் ஓட்டலை நம்பாமல் ஒரு வீட்டையே காரின் பின்னால் மாட்டி இழுத்துக்கொண்டு போகிறார்கள். 'டிராவல் டிரெய்லர்' என்று அதற்குப் பெயர். படுக்கை, அடுப்பு, குளிர்பெட்டி, கழிப்பறை எல்லாம் உள்ளேயே உண்டு. வழியெல்லாம் சைவச் சாப்பாடு தேடி அலைய வேண்டியதில்லை என்பதால், நம்மவர்களுக்கு இது பிடித்துப்போவதில் வியப்பில்லை.

ஆனால் இந்த வீடு காற்றுக்கு ஒரு பாய்மரம். 25 அடி நீளமுள்ள டிரெய்லரின் பக்கச்சுவர் சுமார் 200 சதுர அடி வரும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் பக்கக்காற்று வீசினால், ஏறத்தாழ 300 கிலோ எடை அந்தச் சுவரைத் தள்ளுவதற்குச் சமம். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் தள்ளும் சக்தி நான்கு மடங்காகிவிடும். சுவரோ தகரமும் மெல்லிய பலகையும்தான். உருவத்தில் லாரி, எடையில் லாரிக்குப் பக்கத்தில்கூட நிற்காது.

முன்பாரம், பின்பாரம்

மாட்டுவண்டியில் போனவர்களுக்கு ஒன்று நினைவிருக்கும். எல்லோரும் பின்னால் உட்கார்ந்துவிட்டால், "கொஞ்சம் முன்னால் தள்ளி உட்காருங்கள்" என்பார் வண்டிக்காரர். பின்பாரம் கூடினால் நுகத்தடி மேலே எழும்பும். கயிறு மாட்டின் கழுத்தை இறுக்கும். முன்பாரம் அதிகமானால் மாட்டின் கழுத்து அழுந்தும். அளவான முன்பாரம் இருந்தால்தான் வண்டி ஒழுங்காக ஓடும்.

டிரெய்லரின் சூட்சுமமும் இதுவேதான். அதன் மொத்த எடையில் 100-க்கு 10 முதல் 15 பங்கு வரை, காரின் பின்னால் உள்ள கொக்கியின் மீது இறங்க வேண்டும் என்பது அமெரிக்க வழக்கம். 2,700 கிலோ டிரெய்லர் என்றால் 270 முதல் 400 கிலோ வரை. (ஐரோப்பாவில் இதைவிடக் குறைவாக வைக்கிறார்கள். அங்கே வண்டியும் சிறியது, இழுக்கும் வேகமும் குறைவு.) இந்த முன்பாரம் குறைந்தால், ஒரு காற்று வீச்சிலேயே டிரெய்லர் நாய் வாலைப்போல இப்படியும் அப்படியும் ஆடத் தொடங்கும்.

இதில் பலர் ஏமாறும் இடங்கள் உண்டு. குழந்தைகளின் சைக்கிள்களை டிரெய்லரின் பின்புறத்தில் தொங்கவிடுகிறார்கள். சக்கர அச்சுக்கு வெகுதூரம் பின்னால் இருப்பதால், அந்தச் சிறிய எடையே முன்பாரத்தைத் தூக்கிவிடும். தண்ணீர்த் தொட்டி இன்னொன்று. சில வண்டிகளில் அது அச்சுக்குப் பின்னால் இருக்கிறது. 150 லிட்டர் நிரப்பினால் 150 கிலோ பின்பாரம்! அரிசி மூட்டை, தண்ணீர்ப் புட்டிகள், கிரைண்டர் போன்ற கனமான சாமான்களை அச்சுக்குச் சற்று முன்னால், தரையோடு வைப்பதே நல்லது. டயரில் காற்று குறைந்திருந்தாலும் ஆட்டம் கூடும் என்பதால், கிளம்புமுன் அதையும் பார்த்துவிட வேண்டும்.

கால் பிரேக்குக்குப் போகக் கூடாது

சாமான் சரியாக இருந்தாலும் வேகம் கூடினால் வம்புதான். ஒவ்வொரு டிரெய்லருக்கும் ஒரு எல்லை வேகம் உண்டு. அதற்குக் கீழே ஆட்டம் தானாக அடங்கும். அதைத் தாண்டினால் ஒவ்வொரு ஆட்டமும் முந்தியதைவிடப் பெரிதாகும். கலிபோர்னியா மாநிலத்தில் டிரெய்லர் இழுக்கும் வண்டிகளுக்கு மணிக்கு 55 மைல், அதாவது 88 கிலோமீட்டர்தான் உச்ச வேகம். காற்று நாட்களில் அதுவும் அதிகம்.

பெரிய லாரி ஒன்று முந்திக்கொண்டு போகும்போதும், மலை வெட்டுச் சாலை முடிந்து திறந்தவெளி வரும்போதும், பாலத்தின் மீது ஏறும்போதும் அந்த வீச்சு திடீரென்று வரும். வண்டி ஆடத் தொடங்கியதும் கால் தானாகவே பிரேக்கைத் தேடும். அதுதான் ஆபத்து. கார் நிற்கப் பார்க்கும், டிரெய்லர் முட்டித் தள்ளும், இரண்டும் கத்தரிபோல் மடங்கிக் குடை சாயும். வேகத்தைக் கூட்டினால் நேராகிவிடும் என்று சொல்வாரும் உண்டு. அந்த யோசனையைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

செய்ய வேண்டியது இதுதான். ஆக்சிலரேட்டரில் இருந்து காலை எடுக்க வேண்டும். ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஆட்டத்தோடு சேர்ந்து வெட்டித் திருப்பக் கூடாது. டிரெய்லருக்கென்று தனி மின்சாரப் பிரேக் உண்டு. அதை இயக்கும் சிறிய கைப்பிடி ஓட்டுநருக்கு எதிரே இருக்கும். அதை மட்டும் மெல்ல அழுத்தினால், பின்வண்டி பிடித்து இழுக்கப்பட்டு நேராகும். வாடகைக்கு எடுப்பவர்கள், அந்தக் கைப்பிடி எங்கே என்று வண்டி நிற்கும்போதே கைக்குப் பழக்கிக்கொள்ள வேண்டும். ஆடத் தொடங்கியபின் தேட நேரம் இராது.

காற்றின் ஊர்கள்

வயோமிங் மாநிலத்தில் லாரமி, ராலின்ஸ் நகரங்களுக்கு இடையே செல்லும் 80-ஆம் எண் நெடுஞ்சாலை காற்றுக்குப் பெயர் போனது. கடுங்காற்று வீசும் நாட்களில், எடை குறைந்த உயரமான வண்டிகளுக்கு மட்டும் அந்தச் சாலை மூடப்படும். கலிபோர்னியாவில் பாம் ஸ்பிரிங்ஸ் அருகே சான் கர்கோனியோ கணவாய் வழியாக 10-ஆம் எண் சாலை போகிறது. நம் ஆரல்வாய்மொழிக் கணவாயைப் போலவே அங்கும் காற்றாலைகள் வரிசையாக நிற்கின்றன. காற்றாலை நடப்பட்ட இடத்தில் தனியாக எச்சரிக்கைப் பலகை எதற்கு!

மிச்சிகன் மாநிலத்தில் 1957-ல் திறக்கப்பட்ட மாக்கினாக் பாலம் 8 கிலோமீட்டர் நீளம். காற்று மணிக்கு 56 கிலோமீட்டரை எட்டினால், டிரெய்லர்களைப் பாலத்து ஊழியர்களே முன்னே வழிகாட்டி, 32 கிலோமீட்டர் வேகத்தில் கூட்டிச் செல்கிறார்கள். 80-ஐ எட்டினால் டிரெய்லருக்கு அனுமதியே கிடையாது. 105 ஆனால் பாலம் எல்லோருக்கும் அடைக்கப்படும். பழைய பாம்பன் பாலத்தில் காற்று 58 கிலோமீட்டரைத் தாண்டினால், தண்டவாளத்தில் ஓடிய ரயிலுக்கே சிக்னல் கிடைக்காமல் இருந்தது என்பது ராமேசுவரம் போனவர்கள் அறிந்ததுதான். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடிப் பாசஞ்சரைக் கடல் கொண்டுபோன கரை அது.

முகாமில் இடம் பதிவு செய்தாகிவிட்டது, பணம் கட்டியாகிவிட்டது, திங்கட்கிழமை ஆபீஸ் திறக்கிறது என்று காற்றிலேயே புறப்படுவோர் உண்டு. பதிவுப் பணம் ஒரு நாள் வாடகை. வண்டியில் இருப்பதோ குடும்பம். சாலையோர ஓய்விடத்தில் ஒதுங்கினால், பெரும்பாலும் சில மணி நேரத்தில் காற்று தணிந்துவிடும். ஒதுங்கும்போது காரைக் கழற்றாமல், வண்டியின் முகம் காற்றை நோக்கியபடி நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை கொடுக்க வேண்டும். வெயிலுக்கு விரித்த துணிப் பந்தலை முதலில் சுருட்டிவிட வேண்டும். காற்றில் முதலில் கிழிவது அதுதான். கிழியும்போது சுவரையும் பெயர்த்துக்கொண்டு போகும்.