மொரிஸ் மைனரை வெட்டலாமா?

கடந்த மாதம் பஞ்சிகாவத்தையிலுள்ள என் கடைக்கு ஓர் இளைஞர் வந்தார். பழைய வாடிக்கையாளர் ஒருவரின் மகன். மூத்தவாப்பாவின் 1958 ஆம் ஆண்டு மொரிஸ் மைனர் தன் கைக்கு வந்திருப்பதாகவும், அதற்கு டட்சன் இஞ்சினும் ஐந்து கியர் பொக்ஸும் வேண்டும் என்றும் சொன்னார். இரண்டும் என்னிடம் இருந்தன. நல்ல இலாபமும் இருந்தது. ஆனாலும், "தம்பி, முதலில் உட்கார்ந்து ஒரு பிளேன்டீ குடியுங்கள்" என்றேன்.

காரணம் இருக்கிறது. 1994 இல் என் வாப்பாவின் மைனரை வெட்டியவன் நான். அப்போது அது புதுமையான காரியமல்ல. 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாடுகளால் நம்மவர்கள் இங்கிலாந்துக் கார்களையே தட்டிக்கொட்டி ஓட்டினார்கள். பொருளாதாரம் திறக்கப்பட்டதும் ஜப்பானிய வாகனங்களும் பாவித்த இஞ்சின்களும் வந்து குவிந்தன. 948 சீசீ, 37 குதிரை வலுவோடு கடுகண்ணாவை ஏற்றத்தில் லொறிகளுக்குப் பின்னால் ஊர்ந்தவனுக்கு டட்சன் இஞ்சின் பெரும் வரமாகத் தெரிந்தது. பெரிய கியர் பொக்ஸ் உள்ளே போவதற்காக, தரையின் நடுமேட்டையும் கீழேயிருந்த குறுக்குச் சட்டத்தையும் கராஜ் பாஸ் வெட்டி எடுத்தார். கார் பறந்தது. வாப்பா ஒருமுறை ஏறிப் பார்த்துவிட்டு, "பழைய இஞ்சின் எங்கே?" என்று மட்டும் கேட்டார். நான் அதை இரும்பு நிறைக்கு விற்றிருந்தேன்.

2011 இல் அந்தக் காரை விற்க நேர்ந்தது. பழைய கார் சேர்ப்பவர் ஒருவர் வந்தார். வெளியே சுற்றிப் பார்க்கும்வரை முகத்தில் சிரிப்பு. பொனட்டைத் திறந்ததும் அது போய்விட்டது. நான் சொன்ன விலையில் பாதிக்குத்தான் கேட்டார். வெட்டிய தரையை ஒட்டவைக்கலாம். பதிவுப் புத்தகத்தில் முதலில் இருந்த இலக்கத்தோடு அந்த இஞ்சினை எங்கே தேடுவது?

இந்தத் தர்க்கம் நமக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்காவில் ஹொட் ரொட் என்றொரு வழக்கம் உண்டு; பழைய காரின் பாகங்களைக் கழற்றி இலேசாக்கி, வலுவான இஞ்சின் பூட்டி ஓட்டுவது. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் கலிபோர்னியா இளைஞர்கள் 1932 ஆம் ஆண்டுப் போர்ட் கார்களை இப்படித்தான் வெட்டித் தள்ளினார்கள். அன்று அவை மலிவான பழைய கார்கள். இன்று வெட்டப்படாத ஒன்றைத் தேடி அலைகிறார்கள். ஆனால் வேடிக்கையைப் பாருங்கள்: டோன் ஸ்பென்ஸர் என்பவர் அந்நாளில் மாற்றியமைத்த 1932 போர்ட், பெபிள் பீச் கார் கண்காட்சியில் 1997 இல் ஹொட் ரொட்டுகளுக்கென முதன்முதலாக வைத்த பிரிவில் பரிசு பெற்றது. வெட்டியவரின் கைவேலையே பாதுகாக்கும் பொருளாகிவிட்டது! நம் கராஜ்களில் நடந்த வெட்டுக்கெல்லாம் அந்தப் பாக்கியம் கிடைக்கும் என்று யாரும் கனவு காண வேண்டாம்.

அங்குள்ள வியாபாரிகள் இதிலும் ஒரு வழி கண்டார்கள். ஒஹையோ மாநிலத்தின் புருக்வில் நகரில் 1932 போர்ட்டின் உடம்பைப் புதிய உருக்குத் தகட்டில் செய்து விற்கத் தொடங்கினார்கள். ஆசைப்படுபவர் புதியதை வெட்டலாம், பழையது தப்பிக்கும். மைனருக்கு வேண்டிய தகடுகளையும் பாகங்களையும், இங்கிலாந்தின் பாத் நகரிலிருந்த மொரிஸ் மைனர் நிலையத்தோடு சேர்ந்து, 1990களில் நம் நாட்டிலேயே செய்து ஏற்றுமதி செய்தார்கள் என்பது நம்மில் பலருக்கு மறந்துபோன விடயம். 16 இலட்சத்துக்கு மேல் தயாரிக்கப்பட்ட கார் அது. பாகம் கிடைக்காது என்ற சாட்டு எளிதில் செல்லாது.

எனவே இளைஞரிடம் சொன்னேன்: "கழற்றிப் பூட்டக்கூடியதை மாற்றுங்கள் தம்பி. பற்றறி இணைப்பைத் திருப்பி, டைனமோவுக்குப் பதில் ஒல்டர்னேட்டர் போடுங்கள். இந்த நெரிசலில் முன்சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக் அவசியம். தரையில் மட்டும் கை வைக்க வேண்டாம். டட்சன் இஞ்சினோடுதான் தினமும் ஓடவேண்டுமென்றால், ஏற்கனவே வெட்டிய மைனர் ஒன்றை வாங்குங்கள், விலையும் குறைவு."

பக்கத்துக் கடை மச்சான் கேட்டுக்கொண்டிருந்தார். "வந்த வியாபாரத்தை விரட்டுகிறீரே, உமக்கென்ன பைத்தியமா?" என்றார். அவரிலும் நியாயம் இருக்கிறது. அந்த மாதக் கடை வாடகை இன்னும் பாக்கியாக இருந்தது.

இளைஞர் ஒல்டர்னேட்டரை மட்டும் வாங்கினார். இரண்டு நாளில் திரும்பி வந்து, கழற்றிய டைனமோவுக்குப் பூச கிறீஸ் கேட்டார். டட்சன் இஞ்சின் இன்னும் என் ராக்கையில்தான் இருக்கிறது. தேவைப்படுவோர் வரலாம், வெட்டாத மைனரோடு வந்தால் முதலில் பிளேன்டீதான்.