இதயத்தில் தாளம் போடுவது யார்?

மார்பின்மீது கையை வைத்துப் பாருங்கள். நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,00,000 முறை அங்கே ஒரு தாளம் ஒலிக்கிறது. இதயத்தை உடலினின்று பிரித்துத் தக்க உப்புக் கரைசலில் வைத்தாலும் அது சிறிது நேரம் துடித்துக்கொண்டே இருக்கும். எனவே துடிப்புக்குரிய ஏவல் மூளையிலிருந்து வருவதன்று. அப்படியாயின் தாளம் போடுவது யார்?

இதய உயிரணு ஒவ்வொன்றையும் மெல்லிய சவ்வொன்று சூழ்ந்துள்ளது. அச்சவ்வில், புரதங்களால் ஆன மிக நுண்ணிய வாயில்கள் உள்ளன. இவற்றையே அயனிக் கால்வாய்கள் என்பர். மின்னேற்றம் பெற்ற சோடியமும் பொட்டாசியமும் கால்சியமும் இவற்றின் வழியே போய்வருகின்றன. சவ்வின் மின்னழுத்தம் மாறும்போது வாயில்கள் திறக்கும், மூடும். அவ்வாறு திறந்து மூடுவதால் மின்னழுத்தமும் மாறும். ஒன்றுக்கொன்று காரணமாகிய இச்சுழற்சியை நேயர்கள் நினைவில் வைக்க வேண்டுகிறேன்.

நரம்பில் இது நிகழும் முறையை 1952-இல் இங்கிலாந்தைச் சேர்ந்த ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி இருவரும் கணவாய் மீனின் நரம்பைக்கொண்டு சமன்பாடுகளாக வகுத்தனர். ஆனால் நரம்பின் துடிப்பு ஒரு விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கே நீடிக்கும். இதயத் துடிப்போ அதைப்போல் நூற்றுக்கணக்கான மடங்கு நீள்வது. இவ்வேற்றுமையை ஆராயப் புகுந்தவர் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பயின்ற டெனிஸ் நோபிள் என்னும் இளைஞர். பிறந்த ஆண்டு 1936.

அந்நாளில் கணிப்பொறி அரும்பொருள். 'மெர்க்குரி' என்ற பெரும் பொறியில் அவருக்குக் கிடைத்தது நள்ளிரவுக்குப் பின் 2 மணி முதல் 4 மணி வரையிலான நேரம். பிறகு 5 மணிக்கு இறைச்சிக்கூடம் சென்று ஆட்டிதயங்களை வாங்கிவந்து, பகலெல்லாம் சோதனை. இரவில் கணக்கு, பகலில் கத்தி! பொறியின் பொறுப்பாளர்கள் அவரிடம், "உம் சமன்பாடுகளில் துடிப்பை உண்டாக்கும் பகுதி எது?" என்று வினவினராம். அப்படி ஒரு பகுதியைத் தனியே சுட்டிக்காட்ட அவரால் இயலவில்லை. ஆயினும் பொறி கணக்கிட்டபோது துடிப்பு தானே எழுந்தது. முடிவுகள் 1960-இல் 'நேச்சர்' இதழில் வெளிவந்தன.

தாளக்காரர் எவரும் இல்லை என்பதே விடை. எந்தக் கால்வாயும் தனியே துடிப்பதில்லை. பல கால்வாய்களும் மின்னழுத்தமும் ஒன்றையொன்று இயக்கும் உறவிலேயே தாளம் பிறக்கிறது.

அந்த முதற்கணக்கு முழுமையானதன்று என்பதையும் சொல்ல வேண்டும். கால்சியத்தின் பங்கு அதில் இல்லை. பொட்டாசிய ஓட்டம் என்று அவர் கருதிய ஒன்று, உண்மையில் எதிர்த்திசையில் உள்நோக்கிப் பாயும் வேறோர் ஓட்டம் என்று இத்தாலியரான டாரியோ டிஃபிரான்செஸ்கோ 1981-இல் நிறுவினார். நோபிள் மனத்தாங்கல் கொள்ளவில்லை. அவரோடு சேர்ந்தே 1985-இல் திருத்திய கணக்கை வெளியிட்டார். அறிஞருலகில் இஃது அவ்வளவு எளிதாகக் காணக்கூடிய பண்பன்று.

இவையெல்லாம் நமக்கு எதற்கு என்று கேட்பீர்கள். டெர்ஃபெனடின் என்றொரு ஒவ்வாமை மருந்து இருந்தது. மூக்கொழுகலுக்குப் பலரும் உண்டது. கல்லீரல் அதை விரைவில் மாற்றிவிடும்; ஆதலால் தீங்கில்லை. ஆனால் எரித்ரோமைசின் போன்ற சில மருந்துகளை உடன் உண்டால் கல்லீரலின் அப்பணி தடைப்படும். மாறாத மருந்து குருதியில் பெருகி, 'ஹெர்க்' எனப்படும் பொட்டாசியக் கால்வாயை அடைத்துவிடும். துடிப்பின் பின் இதயம் ஓய்வுநிலைக்குத் திரும்பத் தாமதமாகும். தாளம் குலைந்து சிலர் உயிரிழந்தனர். அமெரிக்காவில் 1998-இல் அது விற்பனையிலிருந்து நீக்கப்பட்டது. பணியின்பொருட்டு ஊர்விட்டு ஊர் மாறி, புது மருத்துவரிடம் பழகாத மொழியில் நோயைச் சொல்லும் நம்மவர், முன்னர் உண்டுவரும் மருந்துகளின் சீட்டையும் உடன்கொண்டு செல்வது இக்காரணத்தாலேயே அவசியமாகிறது.

வெராப்பமில் என்னும் மருந்தின் கதை வேறு. அதுவும் ஹெர்க் கால்வாயை அடைப்பதே. ஆனால் கால்சியக் கால்வாயையும் அடைப்பதால் ஒன்றின் விளைவை மற்றொன்று பெரும்பாலும் சரிக்கட்டிவிடுகிறது. ஒரு கால்வாயை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொன்னால் பிழைபடுவோம்.

மருத்துவக் கல்வியின் சிக்கலும் இங்கேதான். நோபிள் 1963 முதல் ஆக்ஸ்ஃபோர்டில் ஆசிரியராக விளங்கினார். 'இதயத் துடிப்பின் தொடக்கம்' என்ற பொருள்படும் ஆங்கில நூலை 1975-இல் எழுதினார். நம் நாட்டு மாணவரோ நெடுங்காலமாகக் கால்வாயை முதற்கட்டத்தில் உடலியங்கியலிலும், மருந்தை அடுத்த கட்டத்தில் மருந்தியலிலும், இதய மின்வரைபடத்தை அதன்பின் நோயாளியின் கட்டிலருகிலும் தனித்தனியே கற்றுவந்தனர். மூன்றும் ஒன்றே என்று உணர்வதற்குள் முதலாவது மறந்துபோயிருக்கும். 2019-இல் சேர்ந்த மாணவர் முதல் நடைமுறைக்கு வந்த புதிய பாடத்திட்டம், இப்பிரிவுகளை இணைத்துக் கற்பிக்கவும் தொடக்கத்திலேயே மாணவரை நோயாளியிடம் அழைத்துச் செல்லவும் வகை செய்கிறது. கால அட்டவணையில் இணைப்பது எளிது. மூன்று துறை ஆசிரியர்களும் ஒரே வகுப்பில், ஒரே மின்வரைபடத்தின் முன் அமர்வதுதான் அரிது.