தொழிலாளர் நஷ்டஈடு: குடியானவர்கள் அறியவேண்டுவன

கள்ளக்குறிச்சிப் பக்கத்தில் கரும்பும் நெல்லும் மரவள்ளியும் பயிரிடும் குடியானவர்களிடையே டிராக்டரும் கதிரடிக்கும் இயந்திரமும் பெருகிவிட்டன. கல்வராயன் மலையிலுள்ளோரில் பலர், மலைச் சாகுபடி ஆண்டு முழுவதற்கும் போதாமையால், மேஸ்திரிகளிடம் முன்பணம் பெற்றுக் கேரளத்திற்கும் கர்நாடகத்துக் காப்பித் தோட்டங்களுக்கும் கூலிக்குச் செல்கின்றனர். வேலையில் விரலோ உயிரோ போய்விட்டால், கொடுத்த தொகையை வாங்கிக்கொண்டு காகிதத்தில் கைநாட்டு வைத்துவிட்டுத் திரும்புவோரும் உளர். அத்தொகை தருமமன்று, சட்டப்படி உரியதில் ஒரு சிறு பங்கேயாகும்.

தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம் 1923ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு, 1924 ஜூலை 1 முதல் நடந்து வந்தது. அதன் ஏற்பாடுகள் இப்பொழுது 2020ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் அடங்கியுள்ளன. தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்தது. வேலையின் காரணமாகவும் வேலையின்போதும் விபத்து நேர்ந்தால், எஜமானர்மேல் குற்றமில்லாவிடினும் அவர் ஈடு தரக் கடமைப்பட்டவர். தொழிலாளியின் அஜாக்கிரதை ஒன்றையே காட்டி அவர் தப்ப முடியாது. வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியிலும் திரும்பும் வழியிலும் நேர்வது, வேலையோடு சம்பந்தமுடையதாயின், இதில் சேரும்.

தொகை எவ்வாறு கணிக்கப்படுகிறதென்பதை ஓர் உதாரணத்தால் அறியலாம். மாதம் 10,000 ரூபாய் கூலி பெறும் நாற்பது வயதுத் தொழிலாளி ஒருவர் இறந்தால், கூலியில் பாதியாகிய 5,000ஐ அவ்வயதிற்குரிய 184.17 என்னும் எண்ணால் பெருக்க வேண்டும். வருவது 9,20,850 ரூபாய். வயது குறையக் குறைய இவ்வெண் கூடும். உயிர் தப்பி, முழு நிரந்தர ஊனம் அடைந்தவருக்குப் பாதிக்குப் பதிலாக நூற்றுக்கு அறுபது. அதாவது 11,05,020 ரூபாய். கதிரடிக்கும் இயந்திரத்தில் கட்டைவிரலை இழந்தால், அட்டவணைப்படி இதில் நூற்றுக்கு முப்பது, 3,31,506 ரூபாய் சேரும்.

சங்க அங்கத்தினர் தொழிலாளியாயிருப்பதுபோலவே எஜமானராகவும் இருக்கக்கூடும் என்பது மறக்கப்படுகிறது. விவசாய வேலை யாவும் அட்டவணையில் இல்லை. ஆனால் டிராக்டராலோ மின்சார அல்லது எஞ்சின் இயந்திரத்தாலோ நடக்கும் விவசாய வேலை உண்டு. இரண்டு ஏக்கர் உடைய குடியானவர் மூன்று லட்சம் ரூபாய்க்கு எங்கே போவார்? ஆகையால் இயந்திரம் வைத்திருப்போர் இன்ஷ்யூரன்ஸ் பாலிஸி எடுத்துக்கொள்வது நலம். பாலிஸி இல்லையென்பதால் தொழிலாளியின் உரிமை குறையாது. பாரம் எஜமானர் தலைமேல் விழும், அவ்வளவே. இ.எஸ்.ஐ. பாதுகாப்புள்ள ஆலைத் தொழிலாளர் அங்கேயே பயன் பெறவேண்டும். இரண்டையும் கோர இயலாது.

மேஸ்திரி மறைந்துவிட்டால், அவரிடம் வேலையை ஒப்படைத்த முதன்மை எஜமானரே பொறுப்பாளி. மரணத்திற்குரிய ஈட்டை உரிய அதிகாரியிடமே கட்டவேண்டும். உரிமையை விட்டுக்கொடுத்ததாக எழுதி வாங்கிய காகிதம் செல்லாது. விபத்து குடகில் நேர்ந்திருந்தாலும், வெள்ளிமலையிலுள்ள விதவை அங்கே அலைய வேண்டுவதில்லை; தாம் குடியிருக்கும் பிரதேசத்து அதிகாரியிடமே மனுச் செய்துகொள்ளலாம். ஆயினும் மனுவுக்குக் காலவரம்பு உண்டு. விபத்தை உடனே எழுத்துமூலம் எஜமானருக்குத் தெரிவித்து, ஆஸ்பத்திரிச் சீட்டு, மரணமாயின் பிரேதப் பரிசோதனை அறிக்கை, கூலி தந்ததற்கான குறிப்பு, மேஸ்திரியின் பெயர், வேலை நடந்த இடம் ஆகியவற்றைப் பத்திரப்படுத்த வேண்டும். வெளியூர் புறப்படுமுன்பே மேஸ்திரியின் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் வீட்டில் எழுதிவைத்துச் செல்வது உத்தமம்.